மகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் முன் பழக்க வேண்டியவை

பதினொன்றாம் வகுப்பில் கிடைத்த இலவச சைக்கிளில் மகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு கிலோமீட்டர் தூரம். பாதி வழி தெருக்கள், மீதி டவுன் பஸ் ஓடுகிற மெயின் ரோடு. நடுவில் ஒரு சிக்னல், கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். எந்த ஹெல்மெட் வாங்குவது, இரட்டை ஜடையோடு அது தலையில் உட்காருமா, கை காட்டச் சொன்னால் ஹேண்டில்பார் ஆடுகிறதே என்பவை உங்கள் கேள்விகள்.

தாராளமாக அனுப்பலாம். நாளைக்கே வேண்டாம், இரண்டு மூன்று வாரம் பழக்கிவிட்டு அனுப்புங்கள். தமிழக அரசின் இந்த சைக்கிள் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, 2005-06 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் லட்சக்கணக்கான பிள்ளைகள் பதினைந்து, பதினாறு வயதில் முதல் தடவையாக மெயின் ரோட்டுக்கு வருகிறார்கள். தெருவுக்குள் ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு மெயின் ரோட்டில் ஓட்டத் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அது வேறு வித்தை.

உங்கள் கேள்விகளின் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். ஹெல்மெட் கண்டிப்பாக வேண்டும், ஆனால் அது விழுந்த பிறகுதான் வேலை செய்யும். யாரும் வந்து இடிக்காமல் இருக்க வேண்டுமானால், இவள் அடுத்து எந்தப் பக்கம் போகப்போகிறாள் என்பது பின்னால் வருகிறவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். பின்னால் யார் வருகிறார்கள் என்பது இவளுக்கும் தெரிய வேண்டும். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டுதான்.

கை காட்டும்போது ஹேண்டில்பார் ஆடுவது அவள் பயந்தவள் என்பதால் இல்லை. ஒற்றைக் கையில் ஓட்டிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் பலரும் உடம்பின் பாரத்தைக் கையில் போட்டுக் குனிந்து ஓட்டுகிறார்கள். ஒரு கையை எடுத்ததும் மிச்சமிருக்கும் கை ஹேண்டில்பாரை அமுக்கி இழுத்துவிடும். முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு கால் நுனியும் தரையைத் தொட வேண்டும், பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். பாரம் சீட்டிலும் பெடலிலும் இறங்கினால் கைக்கு வேலை குறையும்.

அப்புறம் ஒரு மைதானமோ, ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் கல்யாண மண்டபத்து வாசலோ பிடியுங்கள். தரையில் சுண்ணாம்பால் நீளமாக ஒரு நேர்கோடு போடுங்கள். வலது கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு இடது கையால் மட்டும் அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்லுங்கள். அது கைவந்ததும் கைகளை மாற்றி ஓட்டட்டும். இதற்கு இரண்டு மூன்று மாலைகள் போதும்.

அடுத்ததுதான் முக்கியமான பயிற்சி. அவள் கோட்டின் மேல் ஓட்டிப் போகும்போது நீங்கள் பின்னால் நின்று விரல்களைத் தூக்கிக் காட்டுங்கள். "பாரு" என்று குரல் கொடுத்ததும் அவள் வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும், சக்கரமோ கோட்டை விட்டு விலகக் கூடாது. முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் வலது பக்கம் விலகிவிடுவார்கள். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் ஹேண்டில்பாரும் கூடவே போகும். மெயின் ரோட்டில் இதே விலகல்தான் பின்னால் வருகிற வண்டியின் முன்னால் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறது. இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. திரும்பிப் பார்ப்பதற்கு முன் வலது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துவிட வேண்டும். அப்போது தோள் எவ்வளவு திரும்பினாலும் சைக்கிள் நேராகப் போகும். கேட்க எளிதாக இருக்கும், ஓட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். இது கைவராமல் மெயின் ரோட்டுக்கு விடாதீர்கள். கண்ணாடி மாட்டிக்கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். மாட்டலாம், உதவும். ஆனால் கண்ணாடியில் தெரியாத இடம் எப்போதும் கொஞ்சம் இருக்கும். கழுத்துத் திரும்பித்தான் ஆக வேண்டும்.

இது பழகிவிட்டால் சைகைக்குத் தனியாகப் பெரிய பாடம் தேவையில்லை. வலது பக்கம் திரும்ப, வலது கையைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டி உள்ளங்கையை விரித்து முன்பக்கம் காட்ட வேண்டும். இடது பக்கம் திரும்ப இடது கையை அதேபோல் நீட்டினால் போதும். மோட்டார் வாகனங்களுக்கான சைகையில் இடது பக்கத்துக்கும் வலது கையையே நீட்டி வட்டமாகச் சுற்றுவார்கள். காருக்குள் இருப்பவரின் இடது கை வெளியே தெரியாது, அதனால் வந்த முறை அது. சைக்கிளில் போகிறவளுக்கு அது வேண்டாம், பார்ப்பவருக்கும் குழப்பம். வேகத்தைக் குறைப்பதைக் காட்ட, வலது கையை நீட்டி உள்ளங்கையைத் தரையைப் பார்க்க வைத்து மேலும் கீழும் ஆட்ட வேண்டும். இந்த வலது கைச் சைகைகள் எல்எல்ஆர் எடுக்கப் போனால் கேட்கிறவைதான், அதனால் லைசென்ஸ் வைத்திருக்கும் டிரைவர்களுக்குப் புரியும். விரலை மட்டும் இடுப்புப் பக்கத்தில் நீட்டுவதும் முழங்கையை மடக்கி அரைகுறையாகக் காட்டுவதும் பஸ் டிரைவர் கண்ணில் படாது. கை முழுதாக நீள வேண்டும், மூன்று விநாடியாவது அப்படியே நிற்க வேண்டும்.

பிரேக் விஷயத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். நம்மூர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலது கைப் பிடி முன் பிரேக், இடது கைப் பிடி பின் பிரேக். உங்கள் மகளின் சைக்கிளில் எப்படி என்று ஒருமுறை பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வலது கையை நீட்டியிருக்கும்போது அவள் கையில் இருப்பது பின் பிரேக் மட்டும். அதைப் பிடித்தால் சைக்கிள் மெதுவாகத்தான் நிற்கும். இடது கையை நீட்டியிருக்கும்போது மிச்சமிருப்பது முன் பிரேக். ஒற்றைக் கையால் அதை வெடுக்கென்று பிடித்தால் ஹேண்டில்பார் மடங்கும், பின் சக்கரம் தூக்கும். ஆகவே முதலில் இரண்டு கையாலும் வேகத்தைக் குறைத்து, அப்புறம் கை காட்டி, மறுபடி இரண்டு கையும் ஹேண்டில்பாருக்கு வந்த பிறகுதான் திரும்ப வேண்டும். கையை நீட்டிக்கொண்டே வளைவில் போவது கூடாது.

பள்ளிக்கு முன்னால் வருகிற அந்த வலது பக்கத் திருப்பத்துக்கு வருவோம். முறையாகத் திரும்புவதென்றால், திருப்பத்துக்கு ஐம்பது அறுபது மீட்டர் முன்பே திரும்பிப் பார்த்து, கை காட்டி, இடைவெளி கிடைத்ததும் ரோட்டின் நடுப்பக்கம் நகர்ந்து, எதிரே வருகிற வண்டிகளுக்கு வழிவிட்டு, மறுபடி ஒருமுறை பின்னால் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். கை காட்டியதாலேயே பின்னால் வருகிறவர் நின்றுவிடுவார் என்று அவள் நம்பக் கூடாது. ஹாரன் அடித்துக்கொண்டு நீட்டிய கையை உரசுவது போலப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இரண்டாவது தடவை பார்ப்பதும்.

ஆனால் உங்கள் மகளுக்கு முதல் சில மாதங்கள் இதை நான் சொல்ல மாட்டேன். அவள் இடது ஓரமாகவே திருப்பத்தைத் தாண்டிப் போகட்டும். கொஞ்சம் தள்ளி ஓரமாக நிறுத்தி, இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடக்கட்டும். பக்கத்தில் ஜீப்ரா கோடு இருந்தால் அங்கேயே கடக்கலாம். சிக்னலிலும் இதேதான். கூடுதலாக இரண்டு நிமிஷம் ஆகும், அவ்வளவே. கூட வருகிற பிள்ளைகள் ஏறி ஓட்டிக்கொண்டு கடந்தாலும் இவள் இறங்கித் தள்ளலாம், அதில் குறைவு ஒன்றும் இல்லை என்று வீட்டிலேயே அழுத்திச் சொல்லிவிடுங்கள். அந்த வயதில் அந்த வார்த்தை அம்மாவிடமிருந்து வர வேண்டும்.

வலது பக்கத்தைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு அதைவிடக் கவலை இடது பக்கம். டவுன் பஸ் இவளைத் தாண்டிப் போய் ஸ்டாப்பில் நிற்க இடது பக்கம் ஒதுங்கும். டிப்பர் லாரியோ தண்ணீர் லாரியோ சிக்னலில் இடது பக்கம் திரும்பும். நீளமான வண்டி திரும்பும்போது அதன் பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்பக்கம் இவளைத் தாண்டியபோது இருந்த இடம் பின்பக்கம் வரும்போது இருக்காது. வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். போதாததற்கு, உயரமான வண்டியின் முன்பக்க இடது மூலையை ஒட்டி நிற்கிற சைக்கிள், அந்த வண்டி டிரைவர் கண்ணுக்கே தெரியாது.

இதற்கு இரண்டு விதிகள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிக்னலில் பெரிய வண்டி நின்றால் அதன் இடது பக்கச் சந்தில் நுழைந்து முன்னே போகக் கூடாது, பின்னாலேயே நிற்க வேண்டும். லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் இவளுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் இவள் தெரியவில்லை. இரண்டாவது, முன்னால் போகும் பஸ் வேகம் குறைந்தாலே இவளும் பிரேக் பிடித்துப் பின்னால் நின்றுவிட வேண்டும். பஸ்ஸுக்கு இடது பக்கமாக நுழைந்தால் இறங்குகிறவர் மேல் மோதும். வலது பக்கமாகச் சட்டென்று விலகினால் பின்னால் வருகிற பைக்குக்கு அது தெரியாது. பஸ் ஆள் ஏற்றி முடிக்கிற வரை நிற்பதுதான் நல்லது. ஷேர் ஆட்டோவுக்கும் இதே விதி, அது எந்த இடத்திலும் நிற்கும் என்பதால் இன்னும் கூடுதலான தூரம் விட வேண்டும்.

ரோட்டில் எந்த இடத்தில் ஓட்டுவது என்றால், இடது பக்கம்தான், ஆனால் தார் முடிந்து மண் தொடங்குகிற விளிம்பில் வேண்டாம். அங்கே மணலும் கண்ணாடித் துண்டும் இருக்கும், தார் விளிம்பில் சக்கரம் இறங்கினால் ஏறும்போது சறுக்கும். விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே ஒரே நேராக ஓட்டினால் பின்னால் வருகிறவர் அவளைப் பார்த்து விலகிப் போவார். நிறுத்திவைத்த கார்களைத் தாண்டும்போதும் இதே ஒரு மீட்டர், எந்தக் கதவும் எப்போதும் திறக்கலாம். இரண்டு கார்களுக்கு நடுவில் இடம் இருக்கிறதே என்று உள்ளே போய் மறுபடி வெளியே வருவதுதான் ஆபத்து. அப்புறம் ராங் சைடு. கொஞ்ச தூரம்தானே என்று எதிர்த்திசையில் போவது நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்து இடது பக்கம் திரும்புகிறவர் வலது பக்கம் மட்டும்தான் பார்ப்பார், வண்டி வர வேண்டிய திசை அதுதான். இடது பக்கமிருந்து வருகிற சைக்கிளை இடித்த பிறகுதான் பார்ப்பார். பத்து மீட்டர் என்றாலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும்.

சரி, ஹெல்மெட்.

சட்டப்படி சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் பேசுகிறது. வீட்டில் இருக்கிற பைக் ஹெல்மெட்டையே போட்டு அனுப்பாதீர்கள். கனம் அதிகம், காது மூடும், பெடல் மிதிக்கும் உடம்புக்கு அந்தச் சூடு தாங்காது, கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதும் சிரமம். சைக்கிளுக்கென்றே காற்றுத் துளைகளோடு செய்த ஹெல்மெட் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாயில் கிடைக்கிறது. உள்ளே ஸ்டிக்கரில் இஎன் 1078 என்ற ஐரோப்பியத் தரமோ சிபிஎஸ்சி என்ற அமெரிக்கத் தரமோ போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த ஐரோப்பியச் சோதனையில் ஹெல்மெட்டைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தளத்தின் மேல் விழவைத்துப் பார்க்கிறார்கள், விழும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சைக்கிளிலிருந்து சாய்ந்து தலை தரையில் அடிபடுவதற்கு இது பொருத்தமான கணக்கு. வேகமாக வருகிற பஸ்ஸுக்கு இந்தக் கணக்குப் போதாது. நான் மேலே அவ்வளவு நேரம் திரும்பிப் பார்ப்பதைப் பற்றிப் பேசியதற்கு இதுவும் காரணம்.

உள்ளே இருப்பது தெர்மாகோல் வகை நுரைதான், கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும். அடிபடும்போது அது நசுங்கி அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. நசுங்கியது திரும்ப எழாது. ஆகவே தலையோடு ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, மேலே கீறல் மட்டும்தான் தெரிகிறது என்றாலும், மாற்றிவிட வேண்டும். பழைய ஹெல்மெட்டை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், அது எத்தனை தடவை விழுந்தது என்று தெரியாது. தின்னரோ பெட்ரோலோ போட்டுத் துடைத்தால் நுரை கெடும். சோப்புத் தண்ணீர் போதும். தேங்காய் எண்ணெய் தலையில் இருக்கும் என்பதால் உள்ளே ஒட்டியிருக்கும் பஞ்சுத் துண்டுகளை வாரம் ஒருமுறை கழற்றித் துவைத்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் நாற்றம் தாங்காமல் அவளே போட மாட்டாள்.

கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள், அதுவும் பள்ளிக்குப் போகிற ஜடையோடு. அதற்கு முன் தையல் டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்துத் தலையைச் சுற்றி அளந்து சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் அளவு அப்படித்தான் போட்டிருக்கும். ஹெல்மெட்டை வைத்தால் முன் விளிம்பு புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் நேராக இருக்க வேண்டும். முன்னெற்றி முழுக்கத் தெரியும்படி பின்னால் தள்ளிப் போடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். முன்னால் விழுந்தால் நேராக அடிபடுவது அந்த நெற்றிதான். பின்பக்கம் உள்ள திருகைத் திருகி இறுக்கிய பிறகு, வாரைப் போடாமலே தலையை இரண்டு பக்கமும் ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் தலையோடு சேர்ந்து நெற்றித் தோலையும் லேசாக நகர்த்த வேண்டும். தனியாக ஆடினால் பெரிய சைஸ்.

அப்புறம் வார். இரண்டு பக்கமும் முன்னும் பின்னுமாக வருகிற வார்கள் காது மடலுக்குச் சற்றுக் கீழே ஒன்றுசேர வேண்டும். அந்தக் கொக்கியை நகர்த்தி வைப்பதற்குக் கடைக்காரர்கள் பலர் மெனக்கெடுவதில்லை, நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள். தாடைக்குக் கீழே பூட்டிய பிறகு ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையலாம். வாயை நன்றாகத் திறக்கச் சொல்லுங்கள், உச்சியில் ஹெல்மெட் அமுங்குவது அவளுக்குத் தெரிய வேண்டும். கடைசியாக முன் விளிம்பைப் பிடித்துப் பின்னால் தள்ளிப் பாருங்கள். நெற்றி வெளியே வந்தால் முன் வாரை இறுக்க வேண்டும்.

ஜடைதான் நம் பிள்ளைகளுக்கு இருக்கிற தனிப் பிரச்சினை. ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டை ஜடையின் மடிப்பு காதுக்குப் பக்கத்தில் வரும், வார் போகிற இடமும் அதுதான். உச்சியிலிருந்து தூக்கிப் பின்னினால் ஹெல்மெட் பின்னால் உட்காராமல் தூக்கி நிற்கும். ஜடையைக் காதுக்குப் பின்னால், தாழ்வாகப் பின்னத் தொடங்குங்கள். வார் ஜடைக்கு முன்னால், முகத்தோடு ஒட்டிப் போகட்டும். உச்சியிலும் பக்கத்திலும் குத்துகிற கெட்டிக் கிளிப்பும் பிளாஸ்டிக் ஹேர்பேண்டும் வேண்டாம், அடிபட்டால் தலைக்கும் நுரைக்கும் நடுவில் அவைதான் அழுந்தும். பூவைப் பள்ளிக்குப் போய் வைத்துக்கொள்ளலாம். முக்காடு போடுகிற பிள்ளைகளுக்கும் இதே கவனம்தான். மெல்லிய துணி, உச்சியில் பின் இல்லாமல், துணியோடு சேர்த்தே திருகை இறுக்க வேண்டும்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுக் கூடையை ஹேண்டில்பாரில் தொங்கவிடக் கூடாது. ஆடி ஆடி முன் சக்கரக் கம்பிக்குள் போனால் சைக்கிள் அந்த இடத்திலேயே குப்புறக் கவிழும். முன் கூடையிலோ கேரியரிலோ கட்டட்டும். துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிச்சுப் போட வேண்டும், முனை பின் சக்கரத்துக்குப் போகக் கூடாது. தம்பி தங்கையை கேரியரில் ஏற்றினால் குதிகால் கம்பிக்குள் சிக்கும், அந்தக் காயம் ஆற நாளாகும். கால் வைக்கக் கட்டையும் சக்கரத்துக்கு மறைப்பும் இல்லாமல் ஏற்ற வேண்டாம். ஒரு கையில் குடை பிடித்து ஓட்டுவதும் காதில் இயர்போனும் அறவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து கிளம்பும்போது இருட்டிவிடும். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, முன்னால் ஒரு வெள்ளை விளக்கு, இரண்டும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பெடலில் இருக்கும் ரிஃப்ளெக்டர் உடைந்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். மேலும் கீழும் ஏறி இறங்கும் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் சைக்கிள் போகிறது என்று டிரைவருக்கு உடனே புரியும். புத்தகப் பை பின்விளக்கை மறைக்கிறதா என்றும் பாருங்கள், பைமேலேயே ரிஃப்ளெக்டர் பட்டை தைத்துவிடலாம். மழையில் ரிம் நனைந்தால் பிரேக் கட்டை உடனே பிடிக்காது. நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாகப் பிடித்துத் தண்ணீரை வழித்துவிட்டு, அப்புறம் அழுத்த வேண்டும். தண்ணீர் தேங்கிய இடத்துக்குள் விடக் கூடாது, கீழே பள்ளமா மூடியில்லாத சாக்கடையா தெரியாது. நனைந்த வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் வழுக்கும், அதன்மேல் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம்.

புது சைக்கிள் எதுவானாலும் முதல் மாதத்தில் நட்டு தளரும், பிரேக் வயர் நீளும். ஓட்டத் தொடங்குமுன் ஒருமுறை, மாதம் கழித்து ஒருமுறை சைக்கிள் கடையில் கொடுத்து முறுக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடி ஹேண்டில்பாரைத் தொடுகிற வரை அமுங்கினால் அன்றைக்கு அந்த சைக்கிள் வெளியே போகக் கூடாது.

வழியை நீங்கள் இருவரும் ஒரு ஞாயிறு காலையில் நடந்தே பாருங்கள். ஸ்பீடு பிரேக்கர் எங்கே, பஸ் எங்கே நிற்கிறது, எந்தச் சந்திலிருந்து பைக் வேகமாக வருகிறது, எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்று அவளையே சொல்லவிடுங்கள். மெயின் ரோட்டுக்கு இணையாகத் தெரு இருந்தால் அரைக் கிலோமீட்டர் கூடினாலும் அதில் போகலாம். அடுத்த வாரம் பள்ளி நேரத்திலேயே நீங்களோ அவள் அப்பாவோ இன்னொரு சைக்கிளில் அவளுக்குப் பின்னால் போங்கள். ஸ்கூட்டரில் போனால் அவள் வேகத்துக்கு ஓட்ட முடியாது. அவள் திரும்பிப் பார்க்கிறாளா, கை முழுதாக நீள்கிறதா என்பது பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும். வழியில் குரல் கொடுக்காமல், கவனித்ததை வீட்டுக்கு வந்து சொல்லுங்கள்.